குண்டு வார்க்கும் அச்சைப் பெரிதாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈயக் குண்டைத் தானே வார்த்துச் சுடுகிறவருக்கு என்றாவது ஒருநாள் இந்தச் சிக்கல் வந்து சேரும். அச்சு நல்ல அச்சு, குண்டும் பளபளவென்று விழுகிறது. ஆனால் தன் துப்பாக்கிக் குழலுக்கு அது ஒரு மயிரிழை சிறிதாக இருக்கிறது. அந்த மயிரிழையை எப்படிப் பெறுவது என்பதே இந்தப் பக்கம். குழலின் வழியே பறந்து போகும் ஈயத்தை மட்டும் இங்கே குண்டு என்கிறேன். உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததே தோட்டா.

எல்லோரும் இதைச் செய்யலாமா?

துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் நாடுகளில் பெரும்பாலும் தோட்டா தயாரிப்புக்கும் தனி விதிகள் இருக்கின்றன. குண்டு வார்ப்பதும் சில இடங்களில் அவற்றுக்குள் அடங்கும். உங்கள் ஊரின் சட்டம் உங்களை அனுமதிக்கிறது என்று தெரிந்த பிறகு மேலே படியுங்கள்.

ஒரு மயிரிழைக்கு ஏன் இவ்வளவு கவலை?

குழலின் உட்சுவரில் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. குண்டு அந்தப் பள்ளங்களின் அடிவரை நிறைத்து அடைத்துக்கொண்டு போக வேண்டும். அடைக்காவிட்டால் மருந்து எரிந்து பின்னாலிருந்து தள்ளும் வாயு பக்கவாட்டு இடுக்கில் புகுந்து முன்னே பாய்கிறது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் குண்டின் விளிம்பு உருகி அரிபடுகிறது, அரிந்த ஈயம் குழலில் அப்பிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து முறை சுட்டபின் குழலுக்குள் பார்த்தால் சாம்பல் நிறப் பட்டைகள் தெரியும். குறியும் சிதறும். மோசமான நிலையில் குண்டு நிலைகுலைந்து புரண்டு பறந்து, காகித இலக்கில் பக்கவாட்டு வடிவத்தில் சாவித் துளை போல ஓட்டை போடும்.

செம்பு உறையிட்ட குண்டுக்கு இந்த நோய் குறைவு. 1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு இதற்கு வேறொரு வழி கண்டது. அது குழலைவிடச் சிறியதாகவே இருக்கும். அடிப்பகுதி குழிவாக இருப்பதால் வெடிப்பழுத்தத்தில் பாவாடை போல விரிந்து பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். நாம் வார்க்கும் தட்டை அடிக் குண்டு, அதுவும் கெட்டியான உலோகக் கலவையில் வார்த்தது, அப்படி விரிந்து கொடுப்பதை நம்பியிருக்க முடியாது. புறப்படும்போதே அது சரியான அளவில் இருக்க வேண்டும்.

சரியான அளவு எது?

பள்ளத்துக்குப் பள்ளம் அளந்த விட்டத்தைவிட 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை கூடுதல். அங்குலக் கணக்கில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு. பள்ள விட்டம் 9.07 மி.மீ. என்றால் குண்டு 9.09 முதல் 9.12 வரை இருக்கலாம்.

இந்தப் பள்ள விட்டத்தைப் புத்தக அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் குழலிலிருந்து எடுங்கள். பழைய ராணுவத் துப்பாக்கிகளில் இது மிகவும் முக்கியம். லீ என்ஃபீல்டு குழல்களில் 0.311 அங்குலத்தில் தொடங்கி 0.316 வரை கண்டவர்கள் உண்டு. ஒரே பெயர் கொண்ட இரு துப்பாக்கிகளுக்கு ஒரே அச்சு பொருந்தாமல் போவதன் காரணம் இதுதான்.

குழலை எப்படி அளப்பது?

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். குழலைத் துடைத்து உட்புறம் எண்ணெய் தடவுங்கள். பள்ள விட்டத்தைவிடச் சற்றே பெரிய தூய ஈய உருண்டை ஒன்றைக் குழல்வாயில் வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியாலோ மரக்கம்பியாலோ மெதுவாகத் தள்ளி மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். தள்ளும்போது கை சொல்வதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் சட்டென்று இலகுவானால் குழல் அங்கே அகன்றிருக்கிறது.

வெளிவந்த ஈயத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பட்டைகள்தாம் பள்ளங்களின் பதிவு. எதிரெதிர்ப் பட்டைகளை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்குப் போதாது, அது காட்டும் பிழையே நாம் தேடும் அளவுக்கு இருக்கும். ஐந்து பள்ளம் கொண்ட குழலில் ஒரு பட்டைக்கு எதிரே பட்டை இருக்காது. அதற்கு வி வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும்.

ரிவால்வராக இருந்தால் சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையின் முன்வாயையும் இதேபோல் அளக்க வேண்டும். குண்டு முதலில் கடப்பது அந்த வாயைத்தான். வாய் குழலைவிடக் குறுகியிருந்தால் எவ்வளவு பெரிய குண்டை வார்த்தாலும் அது அங்கே சுருங்கித்தான் குழலுக்குப் போகும். அந்தத் துப்பாக்கியில் திருத்த வேண்டியது அறைவாயை.

அச்சைத் தொடாமலே குண்டைப் பெரிதாக்க முடியாதா?

பல நேரம் முடியும். இதை ஏன் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்றால், அச்சிலிருந்து தேய்த்தெடுத்த உலோகம் திரும்பி வராது.

உருகிய ஈயம் ஆறும்போது சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்பது கலவையைப் பொறுத்தது. தூய ஈயம் அதிகம் சுருங்கும். ஆன்டிமணி கூடக்கூடச் சுருக்கம் குறையும். ஈயம் 84, ஆன்டிமணி 12, வெள்ளீயம் 4 என்ற விகிதத்தில் அமைந்த லினோடைப் அச்செழுத்து உலோகம் ஒரே அச்சில் தூய ஈயத்தைவிடப் பெரிய குண்டைத் தரும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம், அதாவது நமக்குத் தேவையான அதே மயிரிழை. பழைய வாகனச் சக்கர எடைக்கட்டி ஈயத்தில் வார்ப்பவர் அதோடு கொஞ்சம் லினோடைப் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆன்டிமணி கலந்த குண்டு வார்த்த பின்னும் சில நாள்களுக்குக் கெட்டியாகிக்கொண்டே போகும், அளவும் இம்மியளவு கூடலாம். ஆகவே அச்சிலிருந்து விழுந்த சூட்டோடு அளந்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு வழி பவுடர் கோட்டிங். குண்டின் மேல் பொடிப்பூச்சைப் படியவைத்து அடுப்பில் சுட்டால் விட்டத்தில் 0.05 மி.மீ. அளவுக்குக் கூடுகிறது, மசகும் தேவைப்படுவதில்லை. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஓர் இழைதான் பற்றாக்குறை என்றால் நான் முதலில் இதையே பரிந்துரைப்பேன்.

அச்சின் இரு பாதிகளுக்கு இடையே தகடு ஒட்டலாம் என்கிறார்களே?

ஒட்டலாம். சூடு தாங்கும் மெல்லிய அலுமினிய ஒட்டுப்பட்டையிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி, ஒரு பாதியின் முகத்தில் ஓரங்களில் ஒட்ட வேண்டும். குண்டு உருவாகும் குழிக்கு அருகே வேண்டாம், காற்று வெளியேறும் கீறல்களின் மேலும் வேண்டாம். அச்சு மூடும்போது பட்டையின் கனம் அளவுக்கு இடைவெளி விழும், குண்டு அந்த அளவுக்குப் பருக்கும்.

ஆனால் ஒரு திசையில் மட்டுமே பருக்கும். இரண்டு அரைவட்டங்களைச் சற்று விலக்கி வைத்தால் கிடைப்பது முழு வட்டமன்று. பொருத்துக்கோட்டின் வழியே அளந்தால் விட்டம் பழையபடியே இருக்கும், அதற்குக் குறுக்கே அளந்தால்தான் கூடியிருக்கும். அந்த நீள்வட்டத்தை சைஸிங் டை (குண்டைச் சரியான விட்டத்துக்கு ஒடுக்கும் துளைக் கருவி) வழியே அழுத்தித் தள்ளினால் பெருமளவு வட்டமாகும். இடைவெளி 0.05 மி.மீ.க்குள் இருந்தால் ஈயம் அதற்குள் அதிகம் புகாது. கூடினால் பொருத்துக்கோட்டில் மீன்துடுப்பு போல மெல்லிய பிசிறு வரும்.

இந்த முறையின் பெருமை, பட்டையை உரித்தால் பழைய அச்சு அப்படியே கிடைத்துவிடும். பெரிய குண்டு உங்கள் துப்பாக்கிக்கு உண்மையிலேயே நல்லதா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. சோதனை வெற்றி பெற்றால் அதன் பிறகு நிரந்தர வேலைக்குப் போகலாம்.

நிரந்தரமாகப் பெரிதாக்குவது எப்படி?

அந்த அச்சிலேயே வார்த்த குண்டை அரைப்பானாக்கி, தேய்ப்புப் பசை தடவி, அச்சுக்குள் வைத்துக் கையால் சுற்றுவது. லேப்பிங் என்று பட்டறையில் சொல்வார்கள். கேட்க முரட்டு வேலையாகத் தோன்றும். உண்மையில் இது பொறுமை கேட்கும் மென்மையான வேலை.

முதலில் கெட்டிக் கலவையில் ஐந்தாறு குண்டுகள் வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியின் நடுமையத்தில் ஒரு தண்டு வேண்டும். தண்டு கோணினால் எல்லாம் கோணும். அதனால் குண்டை ஆறிய அச்சுக்குள்ளேயே வைத்து, மேலே உள்ள வெட்டுத் தகட்டின் ஊற்றுத் துளையை வழிகாட்டியாகக் கொண்டு, அந்தத் துளைக்குள் தளர்வாக இறங்கும் டிரில் முனையால் துளையிடுவதே நல்லது. ஊற்றுத் துளை மையத்தில் இருக்கும் அச்சில் தண்டின் துளையும் மையத்தில் விழும். பிறகு தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நேரான திருகாணி ஒன்றை அந்தத் துளையில் முடுக்குங்கள்.

இப்போது குண்டின் பக்கங்களில் தேய்ப்புப் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அச்சின் முகங்களில் ஒரு துளிகூடப் படக் கூடாது. முகம் தேய்ந்தால் அச்சு சரியாக மூடாது, குழியும் வட்டம் இழக்கும். குண்டை ஒரு பாதியில் படுக்கவைத்து மறுபாதியை மூடுங்கள். முழுவதும் மூடாது. பசையிலுள்ள தேய்ப்பு மணிகள் தடுக்க, இரு முகங்களுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். அந்தக் கீற்றுதான் உங்கள் அளவுகோல்.

கைப்பிடியை மென்மையாக அழுத்தியபடி, திருகாணியின் தலையைக் கைத்திருப்பியால் மெதுவாகச் சுற்றுங்கள். பத்துச் சுற்று வலம், பத்துச் சுற்று இடம். முதலில் கரகரவென்று சத்தம் வரும், கையில் மணல் அரைபடுவது தெரியும். சற்று நேரத்தில் சத்தம் தணிந்து வழவழப்பாகும், கீற்று மெலியும். இரு முகங்களும் தொட்டுக்கொண்டு குண்டு தடையின்றிச் சுழன்றால் அந்தக் குண்டின் வேலை முடிந்தது. இதற்கு மேல் அதையே சுற்றினால் ஒன்றும் நடக்காது, மணிகள் ஈயத்தில் புதைந்துவிட்டன. பெரிதாக்கம் இன்னும் வேண்டுமென்றால் புதிய குண்டை எடுங்கள்.

மின் டிரில்லில் பூட்டிச் சுற்றாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்தேன். அரை நிமிடத்தில் குழியின் வாய்ப்பக்கம் மணி போல விரிந்துவிட்டது. அந்த அச்சில் அதன் பிறகு வார்த்த குண்டு ஒவ்வொன்றின் அடிவிளிம்பும் பிதுங்கியே வந்தது. குண்டின் குறியைத் தீர்மானிப்பதில் அடிவிளிம்பின் கூர்மைக்கு உள்ள பங்கு மூக்குக்குக்கூட இல்லை.

எந்தப் பசை, எவ்வளவு நேரம்?

எஞ்சின் வால்வை அரைக்கப் பயன்படுத்தும் சிலிக்கான் கார்பைடு பசையே போதும். 220 எண் மணி சுமார் 60 மைக்ரான் இருக்கும், 320 எண் மணி அதில் ஏறக்குறைய பாதி. எண் கூடக்கூட மணி நைசாகும். அலுமினிய அச்சுக்கு 320இலேயே தொடங்குங்கள், அது வெண்ணெய் போலத் தேயும். வார்ப்பிரும்பு அச்சு மெதுவாகத்தான் கொடுக்கும், அதற்கு 220 வேண்டியிருக்கலாம். பித்தளை இரண்டுக்கும் நடுவே. எந்த உலோகமானாலும் கடைசிச் சுற்று 400 அல்லது அதைவிட நைசான பசையில் இருக்கட்டும். கரடான குழியில் ஈயம் பற்றிக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

நேரக் கணக்கு தர மாட்டேன். ஒரு குண்டு முடிந்ததும் நிறுத்தி, கழுவி, வார்த்து, அளக்க வேண்டும். அலுப்பாக இருக்கும், தெரியும். ஆனாலும் குழியின் உண்மையான அளவைச் சொல்வது ஆறிய குண்டு ஒன்றுதான்.

எவ்வளவு வரை பெரிதாக்கலாம்?

0.025 முதல் 0.05 மி.மீ. வரை வடிவம் கெடாமல் போகலாம். 0.08க்கு மேல் போனால் குண்டில் மசகு தங்கும் பள்ளங்களின் விளிம்புகள் மழுங்கும், அவற்றுக்கு இடையே குண்டைச் சுற்றி நிற்கும் பட்டைகள் கூர்மையிழந்து உருளும். அவ்வளவு வேண்டுமென்றால் வேறு அச்சு வாங்குவதே மேல், அல்லது லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நான்கு தாடைச் சக்கில் அச்சைப் பிடித்து, டயல் கேஜால் குழியின் மையத்தைக் கண்டு, போரிங் கருவியால் பட்டைகளை மட்டும் கடைந்தெடுப்பார். நேர்ப்பக்கம் கொண்ட குண்டுகளுக்கு அது அழகாக வரும்.

கேஸ் செக் பொருத்தும் குண்டாக இருந்தால்?

அடியில் செம்பு மூடி மாட்டுவதற்காகச் சிறுத்திருக்கும் பகுதியில் பசை படவே கூடாது. அது பருத்தால் மூடி உட்காராது. ரைஃபிள் குண்டுகளில் மூக்குப் பகுதியும் அப்படியே. சில வடிவங்களில் மூக்கு குழலின் வரிமேடுகள் மேல் உரசியபடி அமரும். அதைப் பெரிதாக்கினால் தோட்டா அறைக்குள் முழுதாக நுழையாமல் நிற்கும். தேய்க்க வேண்டிய பட்டைகளுக்கு மட்டும் பசையைத் தீக்குச்சி முனையால் வையுங்கள்.

இரண்டு குழி, ஆறு குழி அச்சுகள்?

இரண்டு குழி முடியும். ஆனால் ஒரு குழியை மட்டும் தேய்த்தால் அச்சு ஒரு பக்கம் திறந்து சாய்ந்து நிற்கும், குழி சாய்வாகத் தேயும். இரண்டிலும் பசை தடவிய குண்டை வைத்து மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாகச் செய்யுங்கள். ஆறு குழியைக் கையால் செய்யாதீர்கள்.

பெரிய குண்டால் துப்பாக்கிக்கு ஆபத்து உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. ஆபத்து குழலில் அன்று, தோட்டா அறையின் கழுத்தில் இருக்கிறது. சுடும்போது உறையின் கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும். குண்டு பருத்து, கழுத்து ஏற்கெனவே அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விரிய இடமில்லை. குண்டு இறுக்கிப் பிடிக்கப்பட்டு அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும்.

சோதிப்பது எளிது. அதே துப்பாக்கியில் சுட்டு வெளிவந்த, மறுபடி அளவாக்காத காலி உறையை எடுத்து, அதன் வாயில் புதிய குண்டை விரலால் இறக்குங்கள். தானாக நழுவி உள்ளே போனால் இடம் இருக்கிறது. அழுத்த வேண்டியிருந்தால் அந்த அளவு உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம். இதை அச்சைத் தேய்ப்பதற்கு முன்பே, பட்டை ஒட்டி வார்த்த குண்டை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எடையும் கொஞ்சம் கூடும். 0.358 அங்குலக் குண்டு 0.360 ஆனால் சுமார் 1 சதவீதம், அதாவது 158 கிரெய்ன் (குண்டை எடைபோடும் சிறு அலகு) குண்டில் ஏறக்குறைய 1.8 கிரெய்ன். எடையால் பெரிய மாற்றமில்லை, ஆனால் பிடிப்பு இறுகுகிறது. ஆகவே மருந்தைப் பழைய அளவிலேயே போடாதீர்கள். வெளியிடப்பட்ட அட்டவணையின் தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

ஈயத்தோடு வேலை செய்கையில் என்னென்ன கவனம்?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். நாம் வார்ப்பது பெரும்பாலும் 370 முதல் 400 வரை. இந்தச் சூட்டில் ஆவியைவிடப் பெரிய கேடு தூசிதான். மேலே மிதக்கும் கசடு, கையில் ஒட்டிய பொடி, இவை உணவோடு வயிற்றுக்குப் போகின்றன. லேப்பிங் செய்யும்போது வழியும் கருஞ்சேறும் ஈயம்தான். கையுறை போடுங்கள், துடைத்த துணியைத் தனியே கட்டி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காற்றோட்டம் வேண்டும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த இடத்துக்கு வரவே கூடாது. வேலை உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1700 மடங்கு விரிகிறது. ஈரமான ஒரு ஈயத் துண்டை உருகிய பாத்திரத்தில் போட்டால் அடியில் சிக்கிய துளி வெடித்து, பாத்திரம் முழுவதையும் முகத்தில் வீசும். தேய்த்துக் கழுவிய அச்சும் அப்படித்தான். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பசையைப் போக்கி, சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, முற்றிலும் உலர்த்தி, அடுப்புக்கு அருகே மெல்லச் சூடேற்றிய பிறகே அதில் ஈயம் ஊற்ற வேண்டும். இரும்பு அச்சைக் கழுவிய உடனே உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும் என்பது கூடுதல் காரணம். முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் நீண்ட கைச்சட்டையும் எப்போதும்.

தேவைக்கு மேல் தேய்த்துவிட்டேன். அச்சு வீணா?

இல்லை. சைஸிங் டை வழியே 0.05 மி.மீ. வரை குண்டை ஒடுக்குவது சாதாரணம். சரியான அளவைவிடச் சற்றுப் பெரிதாக வார்த்து ஒடுக்குவதையே பலர் விரும்புகிறார்கள், குண்டு வட்டமாக வரும் என்பதற்காக.

பெரிதாக்கிய அச்சிலிருந்து குண்டு விழ மறுக்கிறது. என்ன செய்வது?

குழியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கிறது. அச்சைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குழியும் முகமும் சேரும் கோட்டில் ஒரு மெல்லிய மினுக்கம் தெரியும். கூராக்கிய மரக்குச்சியால் அந்தக் கோட்டை நீளவாக்கில் இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள். இரும்புக் கருவி வேண்டாம். அப்படியும் ஒட்டினால், பசை தடவாத குண்டு ஒன்றில் உலோகம் மெருகிடும் நைசான பாலிஷைத் தொட்டு, பத்துச் சுற்றுச் சுற்றிக் கழுவுங்கள். அச்சுக் கைப்பிடியின் கீல் ஆணிமேல் மரத்தால் லேசாகத் தட்டினால் குண்டு விழ வேண்டும். அச்சுக்கட்டையின் மேலேயே தட்டாதீர்கள். இருபாதியையும் நேர்ப்படுத்தும் ஆணிகள் இளகிவிட்டால் நீங்கள் இத்தனை பாடுபட்டு எடுத்த வட்டம் மறுபடி கோணிவிடும்.